கேட்கப்படாத நேர்காணல்

திருமணத்தின் வழியே குடியுரிமை கோருகிறவர்களுக்கு மேலைநாடுகளில் நடத்தப்படும் நேர்காணல்களைப் பற்றி அங்கே வாழும் நம் நண்பர்கள் சொல்லும் கதைகள் பெரும்பாலும் சிரிப்புக் கதைகளாகவே நம் காதில் விழுந்திருக்கின்றன. கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது, மனைவியின் பல்துலக்கி என்ன நிறம், மாமியாருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், வீட்டுச் சாவியை எங்கே மாட்டி வைப்பது என்றெல்லாம் ஓர் அதிகாரி கேட்பார். கணவனும் மனைவியும் தனித்தனி அறைகளில் அமர்ந்து சொல்லும் விடைகள் ஒத்துப்போக வேண்டும். முதல்நாள் இரவு தம்பதியர் விழித்திருந்து ஒருவரையொருவர் ஒப்பிக்கவைத்துப் பார்ப்பதும், பல வருடம் குடும்பம் நடத்தியவர்கள்கூட விடை தெரியாமல் விழிப்பதும் நல்ல சிறுகதை ஒன்றுக்கான கரு.

நடைமுறை இவ்வளவு வேடிக்கையானதன்று. அமெரிக்காவில் இது இரண்டு கட்டமாக நிகழ்கிறது. திருமணம் மெய்யானதா என்ற துருவல் பெரும்பாலும் கிரீன் கார்டு வழங்கும் கட்டத்திலேயே நடந்துவிடுகிறது. அதன்பின் குடிமகனான துணையுடன் மூன்றாண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்; மற்றவர்கள் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். அப்போது ஆங்கில அறிவும் அந்நாட்டு வரலாறும் அரசமைப்பும் சோதிக்கப்படுகின்றன. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 வினாக்கள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வினாக்கள். 12க்குச் சரியான விடை தேவை. பிரிட்டனில் 24 வினாக்களுக்கு 18. பிரான்ஸில் திருமணமாகிப் பொதுவாக நான்காண்டுகள் கழிந்தபின், இருவரும் இணைந்தே வாழ்கிறார்கள் என்பதை அதிகாரிகள்முன் நிறுவ வேண்டும். டொராண்டோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சடங்குகள் பழகிப்போனவை.

அந்தரங்கத்துக்குள் அரசு மூக்கை நுழைக்கிறது என்று இந்த நேர்காணல்களைக் கண்டிப்பவர்கள் உண்டு. அக்கண்டனத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த அநாகரிகமான கேள்விகளுக்கு அடியில் ஒரு கொள்கை இருப்பதை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். கட்டிலையும் பல்துலக்கியையும் பற்றிக் கேட்கும் அரசு, 'உன் மணவாழ்க்கை மெய்யென்றால் நீ இந்த மண்ணோடு உறவு கொண்டவன். நான் உன்னை ஏற்க வேண்டியவன்' என்று ஒப்புக்கொண்ட பிறகே அக்கேள்வியைக் கேட்கிறது. தேர்வு வைப்பவன் தேர்ச்சிக்கும் இடம் வைத்திருக்கிறான்.

இப்படி ஒரு தேர்வுகூட வைக்கப்படாதவர்களைப் பற்றியே இக்கட்டுரை. அவர்கள் தொலைதூரத்தில் இல்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று ஆலைகளையும் உப்பங்கழிகளையும் கடந்து வண்டி போய் நிற்கும் ஊரிலும், அப்பால் புழல் காவாங்கரையிலும் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம்கள் இருக்கின்றன. முப்பதாண்டுகளுக்கு மேலாக அங்கே மக்கள் வாழ்கிறார்கள். காதலித்தும் பெரியவர்கள் பார்த்தும் இந்த ஊர்ப் பெண்ணை மணந்தவர்கள், இந்த ஊர் ஆணுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் அவர்களிடையே உண்டு. அவர்களுடைய திருமணம் உண்மையா என்று நம் அரசு ஐயுற்றதில்லை. கேட்டுப் பார்த்ததும் இல்லை.

*

முதலில் நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955-ல் இயற்றப்பட்டது. அதன் 5(1)(சி) பிரிவின்படி, இந்தியக் குடிமகன் அல்லது குடிமகளை மணந்து, இந்தியாவில் ஏழாண்டுகள் வாழ்ந்தவர் தம்மைக் குடியாகப் பதிவுசெய்யக் கோரலாம். அந்த ஏழாண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு: விண்ணப்பத்துக்கு உடனடியாக முந்தைய பன்னிரண்டு மாதங்கள் இடைவிடாமல் இங்கே இருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய எட்டாண்டுகளில் ஆறாண்டுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும்.

இதற்கான விண்ணப்பம் 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி படிவம் 3. விண்ணப்பம் முதலில் சென்று சேரும் மேசை மாவட்ட ஆட்சியருடையது. அங்கிருந்து மாநில அரசுக்கும், பின்னர் தில்லியில் உள்துறை அமைச்சகத்துக்கும் போகிறது. இடையில் காவல்துறையும் உளவுத்துறையும் விசாரிக்கின்றன. சென்னை ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் இயங்குகிறது. எதிரே துறைமுகம், பக்கத்தில் பர்மா பஜார். 2018-ல் மாவட்ட எல்லை விரிவுபட்டபின் திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி மக்களும் இங்கேதான் வர வேண்டும்.

மேலைநாட்டு நேர்காணலுக்குத் தயாராவதுபோல இதற்குத் தயாராக எவரும் வரலாற்றுத் தேதிகளை மனனம் செய்ய வேண்டியதில்லை. இயல்புரிமை வழியாக வருகிறவர்களுக்குத்தான் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. மணவழியில் அதுவும் இல்லை. இங்கே தயாராவது என்றால் தாள் சேர்ப்பது. செல்லத்தக்க அயல்நாட்டுக் கடவுச்சீட்டு, செல்லத்தக்க வசிப்பு அனுமதி, துணைவர் இந்தியக் குடி என்பதற்கான சான்று, திருமணப் பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் 2009-ல் வந்தது. அதற்கு முன் கோவிலில் தாலி கட்டிக்கொண்டு புகைப்படத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் முதலில் அந்தத் தாளைத் தேட வேண்டும். மலேசியாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விமானத்தில் விசாவோடு வந்து ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்றே: அனுமதியின் நீட்டிப்பில் ஓர் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது. அதைச் செய்துவிட்டால் காலதாமதம் ஆகலாம்; வழி அடைபட்டுவிடாது.

வழி அடைபடுவது, பிரிவு 5-ன் தொடக்கத்தில் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த ஒரு சிறு சொற்றொடரால்: 'சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவர்'. கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இன்றி உள்ளே வந்தவரும், ஆவணத்தோடு வந்து அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரும் இச்சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிகள். 1983 ஜூலைக்குப் பின்னும், 1990-ல் போர் மீண்டும் மூண்டபோதும் மன்னார்க் கடலைப் படகில் தாண்டி வந்தவர்களிடம் குடியேற்ற முத்திரை குத்திய தாள் ஏது? 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால் 'அகதி' என்ற சொல்லுக்கு நம் குடியுரிமைச் சட்டத்தில் இடமும் இல்லை. ஆகவே இருபது வருடம் குடும்பம் நடத்தியிருந்தாலும் அவர் விண்ணப்பம் அச்சொற்றொடரிலேயே தட்டி நின்றுவிடுகிறது. மணவாழ்க்கையின் அத்தனை ஆண்டுகளையும் கடலில் கழிந்த ஓர் இரவு வென்றுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வண்ணம் பூச வந்தவர்களில் ஒருவர் முகாமைச் சேர்ந்தவர். வடசென்னையின் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுவதில் முகாம் ஆண்களின் கை கணிசமானது. அவர் மனைவி இந்தப் பக்கத்துப் பெண். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்களை விசாரிக்காத ஆள் இல்லை சார். எப்ப வந்தனீங்கள், எந்தக் கரையில இறங்கினனீங்கள், படகில எத்தனை பேர் எண்டு இப்பவும் கேப்பினம். மனுசியைப் பற்றி மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை." அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை, ஒரு தகவலைப் போலத்தான் சொன்னார்.

2015-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ழாக் ஓதியாரின் 'தீபன்' படத்தை நம் வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். நம் எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் நாயகனாக நடித்திருந்தார். இறந்துபோன ஒருவனின் கடவுச்சீட்டில், ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும் குடும்பமாக வேடமிட்டு ஐரோப்பா போய்ச் சேர்வார்கள். தாள் இருந்தது, குடும்பம் இல்லை. கும்மிடிப்பூண்டியில் நிலைமை நேர் எதிரானது. குடும்பம் இருக்கிறது, தாள் இல்லை. வேடமிட்ட குடும்பத்துக்குத் திறக்கும் கதவு மெய்யான குடும்பத்துக்குத் திறக்காமலிருப்பதை இலக்கியம் முரண் என்று அழைத்துக் கடந்துபோகலாம். சட்டம் அப்படிக் கடந்துபோகக் கூடாது.

*

இச்சட்டம் எப்போதும் இவ்வாறே இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. அதன் பழைய வடிவங்களைப் படித்துப் பார்ப்பது பயனுள்ளது. 1955-ல் இப்பிரிவு இந்தியக் குடிமக்களை மணந்த, அல்லது மணந்திருந்த, பெண்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. இத்தனை ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்ற எல்லையும் அதில் இல்லை. பெண் கணவனைச் சேர்ந்தவள் என்ற பழைய எண்ணமே அதன் அடிப்படை. இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு அதில் இடமில்லாதிருந்தது அதனால்தான். 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் இருபாலருக்கும் பொதுவாக்கியது. கூடவே ஐந்தாண்டு வசிப்பையும் கேட்டது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்தை ஏழாக்கியது. சட்டவிரோதக் குடியேறியை விலக்கியது. 'மணந்திருந்தவர்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டது. துணையை இழந்தவருக்கு இருந்த இடமும் அத்தோடு பிரிவின் சொற்களிலிருந்து போய்விட்டது.

இந்தப் பழைய வடிவத்தின் காலத்தில்தான் வடசென்னைக்குக் கப்பல் கப்பலாகப் பர்மாத் தமிழர்கள் வந்திறங்கினார்கள். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964-ல் கடைகளையும் வணிகத்தையும் நாட்டுடைமையாக்கியபின், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் கைவீசிக்கொண்டு திரும்ப நேர்ந்தது. பர்மியப் பெண்ணை மணந்தவர்களும், பர்மியத் தாய்க்குப் பிறந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். துறைமுகத்தின் எதிர்ச்சாரியில் நடைபாதையை ஒட்டி அவர்களுக்குக் கடைகள் கிடைத்தன. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியிருப்புகள் எழுந்தன. எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. பாரிமுனைப் பக்கத்தில் மாலை வேளைகளில் அத்தோ தின்னும் கூட்டத்தில் அந்தப் பெண்கள் கொண்டுவந்த சமையலின் வாசனை இருக்கிறது. அவர்கள் வந்ததால் வடசென்னை குலைந்துபோகவில்லை. ஆலையிலும் துறைமுகத்திலும் மீன்பிடித் துறையிலும் வேலை தேடி எங்கிருந்தெல்லாமோ வந்தவர்களால் ஆன ஊர் இது. மேலும் சில ஆயிரம் பேரைச் சேர்த்துக்கொண்டு அது தன்வழியே போயிற்று.

பர்மாவிலிருந்து வந்தவர்கள் இந்திய வம்சாவளியினர். தூதரகத்தின் தாளோடு வந்தவர்கள். ஈழத்திலிருந்து வந்தவர்கள் அப்படியல்லர் என்ற வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரர்கள் அவர்கள். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் கப்பலேற்றி அனுப்பிய அந்த மக்களின் வழிவந்தோர்.

அவர்களுக்குக் குடியுரிமை விசாரணை புதிதுமன்று. 1948-ல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தபின், 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் குடியுரிமைச் சட்டம் ஒரு குறுகிய வாசலைத் திறந்தது. மணமாகாதவர் பத்தாண்டும் மணமானவர் ஏழாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். மணமான ஆண் விண்ணப்பித்தால் அவன் மனைவியும், மணமாகி ஓராண்டு முடிவதற்குள்ளாகவே வந்து, அதன்பின் இடையறாது அங்கே இருந்திருக்க வேண்டும். தாய்வீட்டில் பிள்ளை பெற்றுக்கொள்ளும் வழக்கமுள்ள ஒரு சமூகத்திடம் வைக்கப்பட்ட நிபந்தனை இது. ஏறத்தாழ எட்டேகால் லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டு, இறுதியில் ஏறக்குறைய 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். மீந்தவர்களை 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு. ஒரு பெண் எந்த மாதம் எந்தக் கரையில் இருந்தாள் என்பதைக் கொண்டு ஒரு குடும்பத்தின் நாட்டைத் தீர்மானித்த அந்தச் சட்டத்தை நாம் கொடுமை என்றோம். சரியாகவே சொன்னோம். ஒருவர் எந்த இரவில் எப்படிக் கடல் கடந்தார் என்பதைக் கொண்டு அவருடைய மணவாழ்வைச் செல்லாக்காசாக்கும் நம் சட்டத்தை எவ்வாறு அழைப்பது?

*

பெரியவர்களாவது போரைக் கண்டு, கடலைத் தாண்டி வந்தவர்கள். பிள்ளைகளின் நிலை விசித்திரமானது. இந்திய மண்ணில் பிறந்தவர்களுக்குச் சட்டம் மூன்று காலங்களை வகுத்திருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவர் குடியாக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்க்கோ, ஒருவர் குடியாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

திருவொற்றியூர்ப் பெண் ஒருத்தி முகாம் இளைஞனை மணந்து, 2003-ல் ஒரு மகளையும் 2006-ல் ஒரு மகனையும் பெற்றாள் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின்படி அக்காள் இந்தியக் குடிமகள். தம்பி அப்படியல்லன். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே அரசு மருத்துவமனை, ஒரே பள்ளிக்கூடம். தாய் இந்தியக் குடிமகள் என்பது மகளுக்குப் பயன்பட்டது, மகனுக்குப் பயன்படவில்லை. மூன்றாண்டு இடைவெளியில் அந்தத் தாயின் குடியுரிமை எப்படிப் பாதியாயிற்று? பெண்ணின் குடியுரிமை ஆணுடையதற்குச் சமமாகப் பிள்ளைக்குச் சேர வேண்டும் என்று சொல்லும் பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993-ல் ஏற்றிருக்கிறது. இந்தியப் பெண் ஒருத்தி அகதியை மணந்தால் அவள் தன் பிள்ளைக்குத் தரவல்லதைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மறுதலையாக, அகதிப் பெண்ணை மணந்த இந்திய ஆணுக்கும் அதே கதி. இதை அகதிகளின் பிரச்சினை என்று மட்டும் சொல்வது பிழை. தன் மனத்துக்கு உகந்தவரை மணந்துகொண்ட இந்தியக் குடிமக்களின் பிரச்சினை இது.

அரசுக்கு மனம் இருந்தால் வழி இருக்கும் என்பதற்கு 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமே சான்று. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறித்தவர்கள் ஆவணமின்றி வந்திருந்தாலும் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள் என்று அது கூறியது. 2024 மார்ச் 11 அன்று வெளியான அதன் விதிகளில், இந்தியரை மணந்தவர்களுக்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. எப்போது வந்தார் என்பதை நிறுவக் குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம், பள்ளிச் சான்றிதழ், இங்கே நடந்த திருமணத்தின் சான்றிதழ் போன்றவையே போதும் என்று அவ்விதிகள் இசைகின்றன. கடவுச்சீட்டு இல்லாதவருக்கு எந்தத் தாள் தாளாகும் என்பது இயற்கை விதியன்று. அரசு எடுக்கும் முடிவு. அம்முடிவு இலங்கையைத் தொடாமல் நின்றுவிட்டது.

நீதிமன்றங்கள் சில கதவுகளைத் தட்டியிருக்கின்றன. திருச்சி முகாம்களில் வாழ்ந்த மலையகத் தமிழர் 65 பேரின் மனுவில், அவர்களது குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த பெண் ஒருவர் பிறப்பாலேயே குடிமகள் என்பதால் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு அதே கிளை 2022 ஆகஸ்டில் கூறியது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சித் தொகுதியில் வாக்களித்தார். 2021-ல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி வந்ததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்களித்தது. ஒவ்வொன்றும் நல்லதே. ஆனால் தண்டிக்க மாட்டேன் என்று சொல்வதும் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்வதும் ஒன்றாகாது.

*

எதிர்வாதங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. வழி திறந்தால் போலித் திருமணங்கள் பெருகும் என்பது முதலாவது. அப்படியானால் விசாரிக்கட்டும். நான் தொடக்கத்தில் சொன்ன அந்த அநாகரிகமான கேள்விகளையே கேட்கட்டும். ஏழாண்டுகள் தகரக் கூரைக்கடியில் சேர்ந்து வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் பல்துலக்கியின் நிறத்துக்கு அஞ்சப்போவதில்லை.

நாடு எல்லோருக்கும் சத்திரமாக முடியாது என்பது இரண்டாவது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே ஏறத்தாழ இதே சொல்லில் இதைக் கூறியது. குற்ற வழக்கில் தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழர், மனைவி மக்கள் இங்கிருப்பதைச் சொல்லி நாடுகடத்தலை எதிர்த்த வழக்கு அது. அந்த வழக்கின் தன்மை வேறு. இருந்தும் அக்கூற்றில் ஒரு நியாயத்தை ஏற்கிறேன். வழிப்போக்கர்கள் வந்து தங்கிப் போகும் இடம் சத்திரம். அங்கே யாரும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. திருமண உறவு ஏற்பட்ட பிறகு அந்த இடத்துக்குத் தமிழில் வேறு பெயர் உண்டு.

மூன்றாவது வாதம் நம் தமிழ்ச் சூழலுக்குள்ளிருந்தே எழுவது. இவர்கள் இந்தியக் குடிகளாகிவிட்டால் ஈழத்தில் தமிழரின் நிலவுரிமையும் எண்ணிக்கையும் குறையாதா? கவலை மெய்யானது. ஆனால் ஒரு பொது நோக்கத்துக்காகத் தனிமனிதர்கள் முப்பதாண்டு முகாமில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை, குடியுரிமை உள்ள நமக்கு எங்கிருந்து வந்தது? போக விரும்புகிறவர் போகட்டும். இங்கே மணந்து இங்கேயே வேர்விட்டவர் விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பம் என்பதே விருப்பத்தின் பெயர்தானே?

நான் கேட்பது பெரிய சட்டப் புரட்சி ஒன்றையும் அன்று. அரசிடம் பதிவுசெய்துகொண்டு இங்கே தங்கியவரை, மணவழி விண்ணப்பத்தைப் பொறுத்தவரையிலாவது சட்டவிரோதக் குடியேறியாகக் கருதக் கூடாது. அவருடைய வசிப்புக் கணக்கு அந்தப் பதிவு நாளிலிருந்து தொடங்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்கும் பிள்ளையை, மற்றவர் எப்படி வந்தார் என்று பாராமல் குடியாக ஏற்க வேண்டும். கடவுச்சீட்டுக்குப் பதிலாக முகாம் அடையாள அட்டையையும் பதிவேட்டையும் சான்றாகக் கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை எளிதில் செய்யலாம். 'இந்தியாவில் வழக்கமாக வாழ்ந்தவர்' என்பதை நிறுவச் சொன்னால் நம்மில் பலர் திணறிப்போவோம். போன வருடம் இந்த மாதம் நான் இந்த ஊரில்தான் இருந்தேன் என்பதற்கு என்னிடம் மின்கட்டண ரசீதைத் தவிர வேறொன்றும் இல்லை. முகாம்வாசிக்கு அந்தத் தொல்லை இல்லை. குறித்த நாட்களில் அதிகாரிகள்முன் நேரில் நின்று, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்துத் தன் இருப்பை அவர் நிறுவியாக வேண்டும். மாதப் பணக்கொடையே அதைப் பொறுத்தது. முப்பது வருடமாக அவர் எங்கே இருந்தார், யாரோடு இருந்தார், எப்போது மணந்தார், எந்தப் பிள்ளை எந்த நாளில் பிறந்தது என்பதெல்லாம் அரசின் ஏடுகளிலேயே, அரசின் கையெழுத்திலேயே இருக்கிறது. நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்விகளுக்கான விடைகளை அரசு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. அந்த ஏடுகளைச் சிங்காரவேலர் மாளிகைக்கும் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்கும் எடுத்து வந்து திறந்து பார்க்க வேண்டும். அதற்கான ஆணை தில்லியிலிருந்து வர வேண்டும். அது வருமளவும் கேட்டுக்கொண்டிருப்பது, வாக்குச்சீட்டு கையிலுள்ள நம் வேலை.